வெளித்தாழ்ப்பாள்

எங்கள் குடியிருப்பில் ‘காப்பாத்துங்க’ என்று கத்தினால் யாரும் வர மாட்டார்கள். ‘திருடன்’ என்று கத்த வேண்டும். அப்போதுதான் விசில் ஊதுவார்கள், கம்போடு ஆட்கள் ஓடி வருவார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அக்கா வீட்டில் இருந்து நானே தெரிந்துகொண்டது.

ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் மனை பிரித்து விற்ற குடியிருப்பு அது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் முள் முளைத்த காலி மனைகள். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். காவல் நிலையம் எங்கோ இருக்கிறது. போன் செய்தால் போலீஸ் வந்து சேர்வதற்குள் திருடன் குளித்துவிட்டே போகலாம் என்று பக்கத்து வீட்டு லைன்மேன் அண்ணன் சொல்வார். அதனால் வீடு கட்டியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். முதலில் அது தெருவிளக்குக்கும் குப்பைக்கும்தான் இருந்தது. பிறகு கேட்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்க வேண்டும், துணியை எந்தப் பக்கம் காயப்போட வேண்டும் என்பது வரைக்கும் வந்துவிட்டது. லாரி கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் செயலாளர். எதைச் சொன்னாலும், “தீர்மானம் போட்டாச்சும்மா” என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

அத்தான் அந்தச் சங்கத்தில் காவல் பொறுப்பு. டவுனில் ஒரு பெரிய கிடங்கில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். நல்ல உயரம். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். தெருவில் போகிற கிழவருக்குப் பையைத் தூக்கிக்கொடுப்பார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் முகம் வேறாகிவிடும்.

கோடித் தெருவில் வயதான கணவன் மனைவி இரண்டு பேர் தனியாக இருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் அந்த வீட்டுக்குள் திருடர்கள் புகுந்து இரண்டு பேரையும் நாற்காலியில் கட்டிப்போட்டு அடித்தார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒருத்தன் சாவகாசமாக, “ஒன்னுமில்ல சார், அப்பாவுக்குக் காது கேக்கல, அதான் சத்தமாப் பேசறோம்” என்றானாம். அவரும் திரும்பிப் போய்விட்டார். அந்தக் கிழவருக்குத் தாடை உடைந்தது. இப்போதும் கஞ்சிதான் குடிக்கிறார்.

அதற்குப் பிறகுதான் அத்தான் சொன்ன விதிகளைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட வேண்டும். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் உள்ளே இருப்பது போலவே வெளியிலும் கனமான தாழ்ப்பாள் வைக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து ‘திருடன்’ என்று சத்தம் வந்தால் யாரும் உள்ளே ஓடக் கூடாது. முதலில் வெளித்தாழ்ப்பாளைப் போட வேண்டும். திருடன் உள்ளேயே மாட்டிக்கொள்வான். உள்ளேயிருந்து யார் என்ன சொன்னாலும் நம்பக் கூடாது. வீட்டுக்காரன் மாதிரியே பேசுவான். ஆட்கள் சேர்ந்த பிறகு கதவைத் திறந்து, வெளியே வருகிறவன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி, கை ஓயும் வரை அடிக்க வேண்டும். விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான். கிடங்கில் திருட வருகிறவனை அத்தான் அப்படித்தான் பிடிப்பாராம். மூடி அடித்தால் அவன் கையில் கத்தி இருந்தாலும் வீச முடியாது, முகம் தெரியாததால் அடிக்கிறவனுக்குக் கையும் கூசாது என்று விளக்கினார்.

பூங்காவில் ஒத்திகை கூட நடந்தது. லைன்மேன் அண்ணன் திருடனாக வந்தார். லாரித் தார்ப்பாயை மேலே போட்டு அமுக்கினார்கள். அவர் உள்ளேயிருந்து, “யோவ், நான் லைன்மேன்யா, கரண்ட் கட் பண்ணிருவேன்” என்று கத்தினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்காமல், “பாத்தீங்களா, இப்படித்தான் பேரைச் சொல்லுவான், விடக் கூடாது” என்று தார்ப்பாயின் மேல் இரண்டு போடு போட்டார். லைன்மேன் அண்ணன் எழுந்து வந்தபோது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவரும் சிரித்து வைத்தார்.

நாங்கள் இருந்த வீடு அப்பா வாங்கிப் போட்ட மனையில் அக்கா பெயரில் கட்டியது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் அக்காவோடு வந்து சேர்ந்தேன். பாதை சரியில்லை, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று சொல்லி அத்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். நான் எதிர்த்துப் பேசவில்லை. யாராவது நேராகப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அத்தான் அக்காவை அடிக்கிற சத்தம் எதிர்வீட்டு டெய்லரம்மாவுக்குக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அடி விழுந்ததும் அந்த வீட்டில் தையல் மிஷின் நிற்கும். கொஞ்ச நேரம் எதுவும் கேட்காது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கும். வலப்பக்கம் இருக்கும் லைன்மேன் வீட்டில் டிவி சத்தம் கூடும்.

ஒரு முறை அக்கா கிழிந்த உதட்டோடு செயலாளர் வீட்டுக்கே போனாள். நானும் கூடப் போனேன். அவர் எங்களை உட்காரச் சொல்லி, அவர் மனைவியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதற்கு முன்பு அண்ணன் தம்பி இரண்டு பேர் சுவர்த் தகராறில் வெட்டிக்கொள்ளப் போனபோது சங்கம் நடுவில் புகுந்து, சங்கமே இரண்டாகப் போயிற்றாம். அதனால் குடும்ப விஷயத்தில் சங்கம் தலையிடாது என்று தீர்மானம் போட்டாயிற்றாம். அக்கா, உயிருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அவர் மிகவும் வருத்தமாகத்தான் சொன்னார், “அவரு கோவக்காரரும்மா, நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்.” நாங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

வெளித்தாழ்ப்பாள் வந்த பிறகு அத்தான் வேலைக்குப் போகும்போது இரண்டு கதவையும் வெளியே பூட்டிவிட்டுப் போனார். பாதுகாப்புக்காம். பகல் முழுவதும் நானும் அக்காவும் கம்பி போட்ட ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்போம். அந்தப் பக்கம் போகிறவர்கள் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு தடவை அடுப்பில் எண்ணெய் தீப்பிடித்தது. கதவைத் திறக்க வழியில்லாமல் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தோம். புகை போகாமல் சாயங்காலம் வரை இருமினோம். அதன் பிறகு அக்கா தூங்கவே இல்லை. “என்னைக்காவது இந்தக் கூண்டுக்குள்ளயே செத்துப்போவோம்டி” என்றாள்.

ஒரு சனிக்கிழமை, அத்தான் கதவைப் பூட்டாமல் தெருமுனைக் கடைக்குப் போன நேரத்தில், அக்கா பின்கதவின் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றினாள். ஸ்க்ரூடிரைவர் இல்லை. தேங்காய் கீறுகிற கத்தியின் முனையால் ஒவ்வொரு திருகாணியாகத் திருப்பினாள். விரல் நுனியெல்லாம் கிழிந்தது. கழற்றியதைத் துணியில் சுற்றி மாவு டின்னுக்குப் பின்னால் வைத்தாள். திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போதுதான் பின்கதவைப் பார்ப்பார், அந்த அவசரத்தில் பூட்ட வழியில்லாமல் விட்டுவிட்டுப் போவார், அன்றைக்கு இரண்டு பேரும் போய்விடலாம் என்பதுதான் அவள் கணக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அத்தான் கை கழுவப் பின்பக்கம் போனார். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள்.

அவர் உள்ளே வந்தபோது கை ஈரமாகவே இருந்தது. “அந்தத் தாழ்ப்பாள் எங்கே?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் அலமாரியில் இருந்த டின்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே போனார். துணி மூட்டை விழுந்து அவிழ்ந்தது. கதவில் இருந்தபோது தெரியவில்லை. தனியாகப் பார்த்தபோது அது முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புத் தடி.

முதல் அடி அக்காவின் தோளில் விழுந்தது. அவள் மாவில் வழுக்கி விழுந்தாள். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். பச்சைக் கிளையை ஒடிப்பது போல ஒரு சத்தம். அவள் கை மணிக்கட்டுக்கு மேலே வேறு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. அவர் என் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. முடியோடு இழுத்துக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்து என்னை வெளியே எறிந்தார்.

“வெளிய கிட. இவளை முடிச்சிட்டு உன்கிட்ட வர்றேன்.”

கதவு மூடியது. உள்தாழ்ப்பாள் விழுந்தது.

நான் கதவை அடித்தேன். உதைத்தேன். உள்ளே இரும்பு தரையில் பட்டுத் தெறிக்கும் சத்தமும், இடையில் அக்காவின் சத்தமும் கேட்டன. அது அழுகை இல்லை. மூச்சு வெளியே தள்ளப்படும் சத்தம். வீட்டைச் சுற்றி ஓடி முன்பக்கத் தெருவுக்கு வந்து, “காப்பாத்துங்க, எங்க அக்காவைக் கொல்றாரு” என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி என் காதே கேட்டதில்லை. தையல் மிஷின் நின்றது. லைன்மேன் வீட்டு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்து மறைந்தது. தெரு அப்படியே இருந்தது.

அப்போதுதான், “திருடன், திருடன்” என்று கத்தினேன்.

விசில் உடனே கேட்டது. பூங்கா பக்கம் இருந்து ஒன்று, கோடித் தெருவில் இருந்து ஒன்று. கதவுகள் திறந்தன. லைன்மேன் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் ஓடி வந்தார். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அவர் நேராகப் படியேறி எங்கள் முன்கதவின் வெளித்தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். பின்னால் வந்த இரண்டு பேர் பின்பக்கம் ஓடி, அங்கே தாழ்ப்பாள் இல்லாததைப் பார்த்து, துவைக்கிற கல்லைப் புரட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

என் அக்காவை அவரோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். நான்தான் கத்தி வரவழைத்தேன்.

திறக்கச் சொல்லி லைன்மேன் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தேன். ஆட்கள் சேரட்டும் என்றார். செயலாளர் பனியனோடு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். உள்ளே சத்தம் நின்றிருந்தது. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. பிறகு முன்கதவு உள்பக்கம் இருந்து அதிர்ந்தது.

“யாருடா தாழ்ப்பாள் போட்டது? திறங்கடா. திருடன் எந்தப் பக்கம் ஓடறான்?”

விசில் கேட்டதும் காவல் பொறுப்பாளராக அவர் வெளியே வரப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கனமான கதவு, குரல் குடத்துக்குள் இருந்து வருவது போல இருந்தது. கூட்டத்தில் ஒருத்தர், “சார் குரல் மாதிரி இருக்கே” என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர், “அப்படித்தான் பேசுவான்னு சாரே சொல்லியிருக்காருல்ல” என்றார்.

செயலாளர் என்னிடம் திரும்பினார். “அத்தான் எங்கேம்மா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே இருப்பது அத்தான்தான் என்று சொன்னால் அது குடும்ப விஷயம். கம்பைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சாப்பாட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். போகும்போது தாழ்ப்பாளையும் மரியாதையாகத் திறந்துவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம் அவருக்கு எங்கள் இரண்டு பேரையும் முடிக்க யாரும் குறுக்கே இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்து எடுத்து, “அத்தான் வேலைக்குப் போயிருக்காரு” என்றேன். “உள்ள இருக்கிறது திருடன்தான். அக்காவை இரும்பால அடிக்கிறான்.”

“ஞாயித்துக்கிழமைல என்ன வேலை?” என்றார் செயலாளர்.

“அவசரம்னு கூப்பிட்டாங்க.”

வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த ஷெட்டில் அத்தானின் பைக் நின்றது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். லைன்மேன் அண்ணன் பார்த்துவிட்டார். பைக்கைப் பார்த்தார், என் நெற்றியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நகர்ந்து, செயலாளருக்கும் அந்த ஷெட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

“சார், நேரம் போகுது. திறந்துரலாம்” என்றார்.

செயலாளர் தலையாட்டினார். படிக்கு இரண்டு பக்கமும் தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள். ஒருத்தர் தாழ்ப்பாளை இழுத்தார். கதவு படாரென்று திறந்தது. அத்தான் கையில் இரும்போடு, சட்டையெல்லாம் மாவும் ரத்தமுமாக ஒரு எட்டு வெளியே வைத்தார். வாயைத் திறந்தார். அதற்குள் தார்ப்பாய் விழுந்தது.

கால் இடறிப் படியில் உருண்டார். மூடியிருந்த மேட்டின் மேல் கம்புகள் விழத் தொடங்கின. முதலில் தயங்கித் தயங்கி. பிறகு நெல் அடிப்பது போல ஒரே தாளத்தில். உள்ளேயிருந்து, “டேய், நான்டா, நான்தான்டா” என்று கேட்டது. ஒருத்தர், “நீதான்னு தெரியும்டா” என்று சொல்லி ஓங்கி அடித்தார். பூங்காவில் கேட்ட சிரிப்பு ஒருத்தரிடமும் இல்லை. லைன்மேன் அண்ணன் கம்பைக் குத்துவது போல இரண்டு கையாலும் பிடித்து, முழங்கால் இருக்கும் இடமாகப் பார்த்து இறக்கினார். எங்கேயோ எலும்பு முறிந்தது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து மண்ணைப் பிராண்டியது. யாரோ அதைச் செருப்புக் காலால் மிதித்தார்கள்.

நான் அவர்களைத் தாண்டி உள்ளே ஓடினேன். அக்கா அடுப்பங்கரையில் மாவுக்கு நடுவில் கிடந்தாள். ஒரு காதிலிருந்து ரத்தம் வந்து மாவில் ஊறிக் கட்டியாகியிருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. மற்றொரு கண் என்னைப் பார்த்தது.

“வெளிய யாரை அடிக்கிறாங்க?”

“அத்தானை.”

“அவருன்னு தெரிஞ்சா?”

“நான் திருடன்னு சொன்னேன்.”

அவள் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு, “செத்துருவாரு. போய் நிறுத்து” என்றாள். நான் அசையவில்லை. அவள் என்னைத் திட்டவும் இல்லை. நல்ல கையை என் தோளில் ஊன்றி எழுந்தாள். உடைந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் சுவரைப் பிடித்து, வாசல் வரை நடந்தாள்.

அவளைப் பார்த்ததும் கம்புகள் நின்றன. ஓங்கிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

“போதும்” என்றாள் அக்கா.

செயலாளர் கைத்தடியின் நுனியால் தார்ப்பாயை விலக்கினார். அத்தானின் முகம் வெளியே வந்தது. மூக்கு ஒரு பக்கமாகப் போயிருந்தது. பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு நின்றது. வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான திசையில் மடங்கிக் கிடந்தது. கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது. பக்கத்தில் அந்த இரும்பும், அதில் ஒட்டியிருந்த அக்காவின் முடியும்.

செயலாளருக்கு வாய் கோணிவிட்டது. “அப்ப, திருடன் எங்கே?” என்றார்.

அவர் என்னைத் தேடினார். “பொய் சொல்லி ஒரு ஆளையே கொல்லப் பாத்திருக்கே. குடும்ப விஷயத்தைக் கொண்டுவந்து சங்கத்து மேல போட்டுட்டியே.”

டெய்லரம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. “குடும்ப விஷயமா சார்? அப்ப நம்ம யாரும் இங்க வரவே இல்லைன்னு தீர்மானம் போட்டுருங்க. கம்பைக் கழுவி வெச்சுட்டு வீட்டுக்குப் போவோம்” என்றாள். செயலாளர் தன் பனியனில் தெறித்திருந்ததைப் பார்த்தார். லைன்மேன் அண்ணன் கம்பைக் கீழே போட்டுவிட்டு வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

அத்தான் உதடு அசைந்தது. அக்காவைப் பார்த்து, “என்னை உள்ள தூக்கிட்டுப் போகச் சொல்லு” என்றார். அந்த நிலைமையிலும் அது கெஞ்சலாக இல்லை.

இரண்டு பேர் குனிந்து அவர் தோளுக்கடியில் கை கொடுத்தார்கள். அக்கா வாசல்படியில் குறுக்கே நின்றாள். ஒரு பக்கம் சாய்ந்து, கதவுநிலையில் தலையை முட்டுக் கொடுத்துத்தான் அவளால் நிற்க முடிந்தது.

“இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.”

“காயம் பட்ட மனுஷன்மா, புருஷன்” என்றார் செயலாளர்.

“இது எங்க அப்பா எனக்குக் கட்டின வீடு. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. உங்க காவல் பொறுப்பாளர்தானே, சங்கத்துல இருந்து யாராவது கூடப் போங்க.”

செயலாளரின் கார்தான் வந்தது. சீட்டில் ரத்தம் படக் கூடாது என்று அதே தார்ப்பாயை மடித்துப் போட்டு அவரை ஏற்றினார்கள். கூட யார் போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் செயலாளரே ஓட்டிக்கொண்டு போனார். அரசு ஆஸ்பத்திரி டவுனில் இருந்தது. கார் தெரு முனையில் இடப்பக்கம் திரும்பியது.

டெய்லரம்மா ரவிக்கைக்கு வைத்திருந்த லைனிங் துணியைக் கிழித்து, துணி அளக்கிற மரக் கட்டையை அக்காவின் கைக்கு அண்டக் கொடுத்துக் கட்டினாள். “எத்தனையோ நாள் வரணும்னு நெனச்சேன்மா” என்றாள். அக்கா கட்டுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்ததாகத் தெரியவில்லை. ஸ்கூட்டரில் டெய்லரம்மா முன்னால், அக்கா நடுவில், நான் பின்னால் அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார்ந்தோம். அக்காவின் முதுகு என் நெஞ்சில் சூடாக இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அவள் உடம்பு விறைத்தது.

தெரு முனையில் டெய்லரம்மா வண்டியை நிறுத்தினாள். “டவுன் ஆஸ்பத்திரிதானே?”

“அவர் அங்கதான் போயிருக்காரு” என்றேன்.

“பக்கத்துல வேற எதுவும் இல்லையே. அந்தப் பக்கம் போனா ரொம்ப தூரம். பாதையும் மோசம். கை தாங்காது.”

அக்கா மூடாத கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“தாங்கும்” என்றாள். “வலப்பக்கம் திருப்புங்க.”